மாரியில் தோன்றும் தீவுக்கூட்டம்

தீவுக்கூட்டம் ஒன்றின் பெயர் கூறுக என்று வினவினால் நம் மாணவரிற் பெரும்பாலோர் மாலைதீவு என்றே விடை எழுதுவர். வாசிப்புப் பழக்கமுள்ள சிலர் இலட்சத்தீவையும் அந்தமானையும் சேர்த்துக்கொள்வர். விடை சரியானதே. மாலைதீவு ஏறத்தாழ 1,200 சிறு தீவுகளைக் கொண்டது. பவளப் பாறைமேல் நிற்பது. நம் வீட்டுச் சம்பலுக்கு மாசி தந்தது. முதலாம் இராசராசன் மெய்க்கீர்த்தி குறிக்கும் 'பழந்தீவு பன்னீராயிரம்' அதுவே என்பர் வரலாற்றறிஞர். அவன் மைந்தன் இராசேந்திரன் கொண்ட மாநக்கவாரம் நிக்கோபாரே என்றும் கொள்வர். தமிழ் படிப்பிக்கும் என்போன்றோர்க்கு இவற்றைச் சொல்லும்பொழுது குரல் சற்றே உயர்ந்துவிடுவது இயல்பு. ஆயினும் அவ்விடையை எழுதும் பிள்ளை அமர்ந்திருக்கும் வாங்கு எந்நிலத்திலே கிடக்கின்றது என்பதை யாரும் நோக்குவதில்லை. மட்டக்களப்பிலே பிறந்த பிள்ளை தீவுக்கூட்டம் தேடிக் கடல் கடக்க வேண்டியதில்லை.

புளியந்தீவு நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம். மட்டக்களப்பு நகரின் பழைய பகுதி அதன்மேலேதான் எழுந்தது. போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பி, 1638 மே மாதத்திலே ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அதன் கரையிலே நிற்கின்றது. 1814இல் இங்கு வந்த வில்லியம் ஒல்ட் பாதிரியார் தொடங்கிய பாடசாலை, இன்று மெதடிஸ்த மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்று, அத்தீவிலேயே உளது. அண்மையிலே மாந்தீவு, தொழுநோயுற்றோரை ஊரார் ஒதுக்கிய காலத்தில் அவர்களுக்கென மருத்துவமனை அமைந்த இடம் அது. எருமைத்தீவு வேறு. இவை எக்காலத்தும் தீவுகள். இவற்றையன்றி, கோடையிலே தரையாகக் கிடந்து மாரியிலே தீவாகும் ஊர்கள் பல உள்ளன. அவற்றைப் பற்றியே இங்கு எழுதக் கருதினேன்.

முதலிற் களப்பின் அமைப்பைச் சொல்ல வேண்டும். வடக்கே ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே துறைநீலாவணைக்கு அப்பால் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்கு இந்நீர் கடலுக்கு இணையாகக் கிடக்கின்றது. பரப்பு ஏறத்தாழ 140 சதுர கிலோமீற்றர். நீளத்தைப் பார்த்து ஆழத்தை மதிப்பிட்டுவிடலாகாது. பல இடங்களிலே கோல் ஊன்றியே தோணி செலுத்தலாம். நூலறிவுடையோர் இதனை வாவி என்பர். பழைய தமிழிலே வாவி என்பது குளத்துக்கும் பொய்கைக்கும் உரிய சொல். ஊர் மக்களோ ஆறு என்றே வழங்குவர். பொருளுக்கு மிக நெருங்கிய சொல் களப்பு. ஆழமற்ற உவர்நீர்ப் பரப்பை அது குறிக்கும். மட்டக்களப்பு என்ற பெயரின் முற்பகுதிக்கு மட்டு, அதாவது தேன், எனப் பொருள்கொண்டு தேனாடு என்று பாராட்டுவோர் உளர். நாட்டுப்பற்றுக்கு அது இனியது. சொல்லாராய்ச்சிக்கு மட்டமான, அஃதாவது ஆழங்குறைந்த, களப்பு என்பதே போதும் என்பது என் துணிபு.

களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய மணற்கரை ஒன்று நீள்கின்றது. கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம், செட்டிபாளையம், களுவாஞ்சிக்குடி முதலிய ஊர்கள் அதன்மேல் நெருங்கியுள்ளன. அது எழுவான்கரை. மறுபுறம், களப்புக்கு மேற்கே வயலும் காடுமாக விரிவது படுவான்கரை. ஞாயிறு எழும் பக்கம், படும் பக்கம் என்பதே பொருள். திசை காட்டுதற்குக் கிழக்கு மேற்கு என்னாமல் கதிரவனையே சுட்டி ஊர்ப்பகுதிக்குப் பெயரிட்ட மக்கள், நீரின் நடுவே தோணியில் நின்று இரு கரையையும் நோக்கியே அப்பெயர்களை இட்டிருக்க வேண்டும். கரையிலே நிற்பவனுக்கு இரண்டும் ஒருங்கே தோன்றா. மேலும், முகத்துவாரத்திலும் கல்லாற்றுப் பக்கத்திலும் களப்பின் வாய்கள் கடலோடு கலந்து நிற்கும் காலத்தில் எழுவான்கரையின் நெடும்பகுதியும் ஒரு தீவாகவே ஆகிவிடுகின்றது. பாலங்கள் இருப்பதால் அதனை நாம் உணர்வதில்லை.

படுவான்கரை ஊர்ப்பெயர்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வவுணதீவு, ஈச்சந்தீவு, மகிழடித்தீவு, அரசடித்தீவு, முதலைக்குடா, கன்னங்குடா, கடுக்காமுனை, அம்பிளாந்துறை. தீவும் குடாவும் முனையும் துறையுமாக இவை ஒரு மாலுமியின் வரைபடம் போல ஒலிக்கின்றன. நில அளவையாளர் வரைபடத்தைக் கொண்டு பார்த்தால் வவுணதீவு தீவன்று. அரசடித்தீவும் மகிழடித்தீவும் அவ்வாறே. விபுலாநந்த அடிகளார் 1892இலே பிறந்த காரைதீவும், கிழக்கே கடலும் மேற்கே வயலும் உடைய பெருநில ஊரே. அங்ஙனமாயின் முன்னோர் பொய்ப்பெயர் இட்டனரோ? மாரியிலே அவ்வழி செல்பவர் அப்படிக் கேட்கமாட்டார்.

ஐப்பசியிலே வாடைக்காற்றோடு தொடங்கும் மழை தை மாதம் வரையும் நீடிக்கும். மேற்கே உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் ஆகிய குளங்கள் நிறைந்து வான் பாயும், வான்கதவுகளும் திறக்கப்படும். முந்தனை ஆறும் சிற்றாறுகள் பலவும் கொண்டுவரும் வெள்ளம் முழுதும் இக்களப்பையே நாடும். களப்போ தட்டுப் போன்றது. ஏறிய நீர் ஆழத்துக்குச் செல்ல இடமில்லை, அகலத்துக்கே பரவும். அப்பொழுது வயல் மறையும், வீதி மறையும், சிறிது மேடாக உள்ள குடியிருப்பும் கோயிலும் அரசமரமும் மட்டும் நீருக்கு மேலே நிற்கும். மகிழ மரத்தடி மேடு மகிழடித்தீவு. அரச மரத்தடி மேடு அரசடித்தீவு. ஈச்சம்பற்றை மேடு ஈச்சந்தீவு. பெயரிட்டவர்கள் மாரிகாலத்திலே பெயரிட்டிருக்கிறார்கள். 1957 திசம்பர் வெள்ளத்தையும் 2011 சனவரி வெள்ளத்தையும் கண்டவர்களுக்கு இப்பெயர்களின் பொருளை விளக்க அகராதி வேண்டியதில்லை.

இத்தீவுகளின் பொருள்வாழ்வு இரண்டு தொழில்களின்மேல் நிற்கின்றது: நெல், மீன். இரண்டுக்கும் நடுவே ஒரு மணல்மேடு கிடக்கின்றது. இந்நாட்டின் வழக்கு யாவும் அம்மேட்டைப் பற்றியதே.

நெல்லுக்கு இங்கு வேளாண்மை என்று பெயர். திருக்குறளிலே விருந்தோம்பலையும் ஈகையையும் குறித்துநின்ற சொல், மட்டக்களப்பிலே வயலிலே நிற்கும் பயிரையே குறிக்கின்றது. 'வேளாண்மை விளைந்துவிட்டதா? வேளாண்மை வெட்டியாயிற்றா?' என்றுதான் கேட்பர். சொல் தேய்ந்துவிட்டது எனச் சிலர் குறைகூறுவர். எனக்கு அது தேய்வாகத் தோன்றவில்லை. கொடுப்பதற்கு வேண்டியது முதலிலே விளைய வேண்டுமன்றோ? போடியார், முல்லைக்காரர், வட்டை விதானையார் என்று வயலாட்சிக்கே உரிய பதவிப் பெயர்கள் இங்கு வழங்கிவந்தன. வயற்றொகுதிக்கு வட்டை என்று பெயர். பெரும்போகத்துக்கு விதைப்பது மழையோடு. அறுப்பது மாசி பங்குனியிலே. இடையிலே வெள்ளம் நாட்கணக்காக நின்றால் களப்போரத்துத் தாழ்ந்த வட்டைகளிலே பயிர் அழுகும்.

வெள்ளம் ஏன் நிற்கின்றது? கோடையிலே ஆற்றுநீரின் வேகம் குறைந்ததும் கடலலை மணலை ஒதுக்கி முகத்துவாரத்தை அடைத்துவிடும். கிழக்குக் கரையிலே வற்றுப்பெருக்கும் மிகச் சிறிது. ஆகையால் கடல் தானே அவ்வாயைத் திறந்து வைக்காது. மாரியிலே நீர் உயர்ந்ததும் மனிதன் சென்று வெட்ட வேண்டும். முற்காலத்திலே ஊரவர் கூடி மண்வெட்டியால் வெட்டினர். இப்பொழுது இயந்திரம் வெட்டுகின்றது. முதலிலே ஒரு வாய்க்கால் அளவு வழி விட்டாற் போதும். உள்ளே நிற்கும் நீர் தன் பாரத்தாலேயே மணலை அரித்துச் சில மணி நேரத்துக்குள் அகன்ற ஆறாகிக் கடலிலே பாயும். அக்காட்சியைக் காணக் கூட்டம் கூடுவதுண்டு.

எப்பொழுது வெட்டுவது என்பதே வினா. கமக்காரர் உடனே வெட்டுக என்பர். அவர்தம் பயிர் நீருள்ளே மூச்சடங்குகின்றது. மீனவர் சற்றே பொறுக்க என்பர். அவர் கூற்றையும் கேட்க வேண்டும். நீர் போதிய அளவு உயருமுன் வெட்டினால் பாயும் வேகம் போதாது. மணல் விரைவிலே மீண்டும் மூடிக்கொள்ளும். களப்பிலே வளர்ந்த மீனும் இறாலும் பருவமடையுமுன்னே கடலுக்கு ஓடிவிடும். வெட்டாமலே விட்டாலோ அவருக்கும் பிழைப்பில்லை. ஏனெனில் இறாலின் பிறப்பிடம் இக்களப்பன்று.

இறால் கடலிலே முட்டையிடும். கண்ணுக்குப் புலப்படாத அதன் குஞ்சுகள் நீரோட்டத்தோடு திறந்த வாயினூடே களப்புக்குள் வந்து, கண்டல் வேர்களின் நிழலிலும் சேற்றிலும் சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலை நாடும். பிறந்த வீடு ஒன்று, வளர்ந்த வீடு ஒன்று. வாசல் அடைபட்டிருந்தால் குஞ்சு உள்ளே வராது. வளர்ந்தது வெளியே போகாது. ஆகவே முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தே ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானம் அமைகின்றது. அத்தாங்கினால் வாரி எடுக்கும் பெண்களும், வீச்சுவலை எறியும் ஆடவரும், கரப்புக் கவிழ்க்கும் சிறுவரும் இக்கணக்கை எழுத்தறியாமலே அறிந்தவர்கள். நூல்வலை போய்த் தங்கூசி வலை வந்த பின்னர்ச் சிறு மீனும் தப்புவதில்லை என்ற குறையையும் அவர்களே கூறுவர்.

இன்று இது பற்றி மாவட்டச் செயலகத்திலே கூட்டம் கூடி முடிவு செய்கின்றனர். நல்ல முறையே. ஆயினும் அத்தகைய கூட்டங்களிலே வயலின் குரல் உரத்தும் வலையின் குரல் மெலிந்தும் ஒலிப்பதை எவரும் மறுக்க முடியாது. கமக்காரருக்குப் பதிவுப் புத்தகமும் ஏக்கர்க் கணக்கும் உண்டு; அழிந்த பயிரை எண்ணிக் காட்டலாம். வராத இறாலை யார் எண்ணிக் காட்டுவது? படுவான்கரையிலே பலர் மாரியில் கமக்காரரும் கோடையில் மீனவருமாக இருப்பதால் இவ்வழக்கு இரு சாதியாரிடையே என்றும் இரு கரையாரிடையே என்றும் சொல்லிவிடலாகாது. ஒரே வீட்டின் இரண்டு அடுப்புகளுக்கிடையே உள்ள வழக்கு இது. வெட்டும் நாளை நீர்மட்டத்தைக் கொண்டு மட்டும் தீர்க்காமல், களப்பிலே குஞ்சு வளர்ந்த நிலையையும் பார்த்துத் தீர்ப்பதே முறை என்பேன். அதனைச் சொல்லும் தகுதி மீனவருக்கே உண்டு.

கண்டலைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சங்கப் புலவர் நெய்தற்றிணையிலே கழியும் கானலும் தாழையும் கண்டலும் பாடிச் சென்றனர். தமிழ்நாட்டு மாணவர் பலருக்கு அவை உரையாசிரியர் காட்டும் பொருள்கள். நம் மாணவருக்கோ பாடசாலைக்குப் பின்னால் நிற்கும் மரங்கள். கண்டலின் விதை மரத்திலேயே முளைத்து ஈட்டிபோல் நீண்டு, பின்னர்ச் சேற்றிலே செங்குத்தாக விழுந்து ஊன்றிக்கொள்ளும். பிள்ளையைப் பெற்றுத் தோளிலே வளர்த்தபின் தரையிலே விடும் தாய் போன்றது அது. கண்ணா மரம் சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சுவேர்களை நீட்டி நிற்கும். தில்லை மரத்தின் பால் கண்ணிலே பட்டால் பார்வைக்குக் கேடு. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரம் இங்கு மண்டூர் முருகன் கோயிலுக்கும் தில்லைமண்டூர் என்ற பெயரைக் கொடுத்தது. பருத்தி வலை வழங்கிய காலத்திலே கண்டற்பட்டையை அவித்து அச்சாற்றிலே வலையைத் தோய்ப்பர். உவரிலே நூல் அழுகாது. போர்க்காலத்திலே பாதுகாப்புக் கருதி இக்காடுகளிற் பெரும்பகுதி வெட்டப்பட்டது. மரம் வெட்டியவர் எவராயினும், இழந்தது இறாற்குஞ்சின் தொட்டில்.

விலங்கும் பறவையும் இக்கரையிலே மனிதரை விட்டு விலகி வாழவில்லை. முதலைக்குடா என்ற பெயர் அலங்காரமன்று. களப்பிலே முதலை இன்றும் உண்டு, வலை வீசச் சென்றோரும் கரையிலே கால் கழுவியோரும் அதற்கு இரையானதுண்டு. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் ஆண்டு முழுதும் காணலாம். ஐப்பசிக்குப் பின் வடநாட்டுப் பறவைகள் வந்து சேற்றுத்திடல்களிலே மேய்ந்து பங்குனியிலே திரும்பும். மேற்கே காட்டோரத்து ஊர்களிலே யானை இரவுதோறும் வேளாண்மைக்குள் இறங்குகின்றது. காவற்பரணிலே விழித்திருப்பவருக்கு அழகுணர்ச்சி பற்றிப் பேசப் பொழுதில்லை. எருமைப் பட்டிகளோ இந்நாட்டின் செல்வம். சட்டியிலே உறைந்த மட்டக்களப்புத் தயிரைக் கொழும்பிலே உண்டு புகழ்பவர், அவ்வெருமை வெள்ளக்காலத்திலே எம்மேட்டிலே நிற்கும் என்று நினைப்பதில்லை.

பாடும் மீனை ஏன் இன்னும் சொல்லவில்லை என்று அன்பர்கள் வினவக்கூடும். மட்டக்களப்பு என்றால் அதையன்றி வேறொன்றும் சொல்லாதோர் பலராகிவிட்டனர். ஆகவே வேண்டுமென்றே பிற்படுத்தினேன். செய்தி உண்மையானது. இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்தம்பரிலே இங்கு வந்து, நிலாக்காலத்து இரவிலே தோணியில் சென்று நீருக்குள்ளிருந்து எழும் ஒலியைக் கேட்டுத் தம் நூலிலே எழுதினார். நூல் 1859இல் வெளிவந்தது. ஊரி என்னும் சிப்பியுயிரே ஒலிப்பதாக மீனவர் அவருக்குக் காட்டினர். 1950களிலே லாங் அடிகளார் என்னும் அமெரிக்க இயேசுசபைத் துறவி அவ்வொலியைப் பதிவுசெய்தார். பின்னர் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. மீனோ ஊரியோ என்ற வழக்கு முடிந்தபாடில்லை. காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து ஒலியெழுப்பும் மீன்கள் உலகிலே பலவுண்டு என்பது அறிவியல் அறிந்ததே. விபுலாநந்த அடிகளார் இவ்வொலியை நீரர மகளிரின் இசையாகக் கண்டு பாடி, 1947இல் வெளிவந்த யாழ்நூலிலே சேர்த்தார். இழந்த யாழின் சுரங்களைத் தேடிக் கணக்கிட்ட பேரறிஞருக்குத் தம் நாட்டு நீரே முதற்சுருதி கொடுத்தது என்று எண்ணுவதில் எனக்கு மகிழ்ச்சி. ஆயினும் ஒலியைக் கேட்பதற்கு இரவும் அமைதியும் வேண்டும். கல்லடிப் பழைய பாலத்தருகே 2013இலே புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னர் வாகன ஓசை பெருகிவிட்டது.

நீர் பிரிக்கும் நிலத்துக்கு வேறு இன்னலும் உண்டு. போர் நடந்த ஆண்டுகளிலே களப்பே எல்லைக்கோடாயிற்று. எழுவான்கரை ஒருவர் கையிலும் படுவான்கரை மற்றவர் கையிலுமாக 2007 வரை நின்றன. துறையிலே ஓடம் ஏறுபவர் இரு கரையிலும் விடை சொல்ல வேண்டியிருந்தது. 1987 சனவரியிலே மகிழடித்தீவு இறாற்பண்ணைத் தொழிலாளர் உட்பட அவ்வட்டாரத்து மக்கள் பலர் கொல்லப்பட்டனர். 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவிலே வீசிய சூறாவளி எழுவான்கரைத் தென்னைகளை முறித்தது. 2004 திசம்பர் 26இலே ஆழிப்பேரலை, கடலுக்கும் களப்புக்கும் நடுவே ஒரு மணற்கீற்றாக நின்ற நாவலடியைத் துடைத்தெறிந்தது. எஞ்சியோர் பலர் திராய்மடுவிலே குடியேற்றப்பட்டனர். இரு பக்கமும் நீருள்ள ஊருக்கு ஓடுவதற்குத் திசையில்லை.

மண்முனைத் துறையிலே 2014இல் பாலம் அமைந்தது. முன்னர் ஓடத்துக்குக் காத்திருந்த நோயாளரும் ஆசிரியரும் பிள்ளைகளும் இன்று சில நிமிடத்திலே கடக்கின்றனர். படுவான்கரையிலே படிப்பிக்கச் சென்ற ஆசிரியர் மாற்றம் கேட்டு மனு எழுதுவது ஓரளவு குறைந்திருக்கின்றது. ஓடத்தின் அழகைப் பாடும் கவிஞர் ஒருமுறையேனும் காய்ச்சலோடு மாரியிலே அத்துறையிற் காத்திருந்திருக்க வேண்டும். பாலத்தை வெறுத்து எழுதமாட்டார்.

ஆயினும் பாலத்தோடு வந்த வேறொன்று கவலை தருகின்றது. கரையோரத்தை மண்ணிட்டு நிரப்பி வீடும் கடையும் எழுப்புகின்றனர். நிரப்பிய ஒவ்வொரு துண்டும் மாரிநீர் பரவியிருந்த இடம். அந்நீர் மறைந்து போவதில்லை, மறுகரையிலே தாழ்ந்தவன் வயலிலே ஏறும். வெள்ளத்தோடு வரும் ஆற்றுவாழை ஒரு பக்கம் தோணியை மறிக்கின்றது. அச்செடிக்கு உவர் ஆகாது; வாய் திறந்து கடல்நீர் புகுந்தால் கருகும். வாய் அடைபட்ட ஆண்டுகளிலே அது தன் விருப்பம்போல் படரும். மேற்சொன்ன வழக்கிலே அதுவும் ஒரு கட்சிக்காரர்.

இவ்வாண்டு எம் மாணவரிடம் ஒரு வேலை கொடுத்திருக்கின்றேன். தத்தம் ஊர்ப்பெயர், அருகே உள்ள துறை, குடா, முனை, மடு ஆகியவற்றின் பெயர்கள், வெள்ளம் ஏறிய ஆண்டு, வீட்டுச் சுவரிலே அது நின்ற மட்டம் ஆகியவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வருக என்றேன். கொப்பிகள் வரத் தொடங்கியுள்ளன. எந்த நிலவரைபடத்திலும் நான் காணாத சிறு தீவுப்பெயர்கள் சில அவற்றிலே இருக்கின்றன. வெள்ளக் கணக்கோ 1957க்கு அப்பால் இன்னும் செல்லவில்லை.